வாசலில் குறுக்கே கிடந்த பெட்டி

சைப்ரியன் அயம்பிரேயின் சவப்பெட்டி ஊர்வலமாக வரும் சத்தம் கேட்டபோது என் முரசின் தோல்மேல் மண் விழ ஆரம்பித்தது. சில துகள்கள்தான். தட்டிவிட்டேன். மறுபடியும் விழுந்தது. நான் மேலே பார்க்கவில்லை. பார்த்தால் எழுந்து ஓடத் தோன்றும்.

எங்கள் சாபுங்கோ ஊர்க் கோயிலில் பாடகர் குழுவின் பெஞ்சுகள் இடப்பக்கச் சுவருக்குக் கீழே இருக்கின்றன. அந்தச் சுவர் விழப்போகிறது என்பது ஊரில் எல்லோருக்கும் தெரியும். ரகசியமெல்லாம் இல்லை. மறைமாவட்டத்திலிருந்து வந்த பொறியாளர் விரிசலுக்குள் விரலை விட்டுப் பார்த்துவிட்டு, மழைக்காலம் முடியும்வரை உள்ளே பூசை கூடாது என்று சொல்லிப் போயிருந்தார். நாங்களும் மாமரத்தடியில் பூசை கேட்கப் பழகியிருந்தோம். அப்போதுதான் சைப்ரியன் செத்தார்.

அந்தச் சுவரைக் கொன்றதே அவர்தான். இதுவும் எல்லோருக்கும் தெரியும். ஆனால் யாரும் வாயைத் திறந்து சொன்னதில்லை.

எங்கள் கோயில் மண் கோயில். எங்கள் பாட்டன்மார் மண்ணைக் குழைத்து ஒரு வரிசை வைத்து, அது காய்ந்தபின் அடுத்த வரிசை வைத்து எழுப்பியது. அடியில் ஒரு ஆள் படுக்கும் அகலம், மேலே போகப் போகக் குறுகும். ஆண்கள் கட்டினார்கள், மெழுகி, உருவம் பிடித்து, வண்ணம் பூசியது பெண்கள். சிவப்புக்கு ஒரு கல், கறுப்புக்கு ஒரு கல், வெள்ளைக்கு ஒரு கல். கூழாங்கல்லால் தேய்த்துத் தேய்த்துப் பளபளப்பாக்கி, தவதவா மரத்து நெற்றை வேகவைத்த சாற்றை மேலே அடித்துவிடுவார்கள். மழை வழுக்கிக்கொண்டு போய்விடும். சில வருடத்துக்கு ஒருமுறை, அறுவடை முடிந்த வெயிலில், மறுபடியும் அதே வேலை.

இடப்பக்கச் சுவரில் கடைசி இரவு உணவு. இயேசுவும் சீடர்களும் சுரைக்குடுவையில் பிட்டோ என்ற சோளக் கள் குடித்துக்கொண்டு, ஒரே சட்டியில் கை விட்டுச் சாப்பிடுவார்கள். யூதாஸ் மட்டும் முதுகைக் காட்டிக்கொண்டு தனிச் சட்டியில் தின்பான். எங்கள் ஊரில் அவனை அடையாளம் காட்ட அதற்குமேல் ஒன்றும் வேண்டாம். அவர்கள் தலைக்கு மேலே சுவரின் நீளத்துக்கு ஒரு மலைப்பாம்பு, வீட்டைக் காப்பது. கீழே, பாடகர் பெஞ்சின் முதுகை ஒட்டி, ஒரு வரிசை மாடுகள். மாடுகள் என் அண்ணி பெர்பெதுவா பிடித்தவை.

சைப்ரியன் தெற்கே குமாசி நகரத்தில் கடை வைத்துச் சம்பாதித்துவிட்டு ஊர் திரும்பிப் பங்குப் பேரவைத் தலைவரானவர். மழைத்தண்ணீர் தெறித்துச் சுவரின் அடி கரைகிறது என்று தன் செலவில் கோயிலைச் சுற்றி இடுப்பளவுக்குச் சிமெண்ட் பூசினார். நல்ல எண்ணத்தில்தான். ஆனால் மண் சுவர் தண்ணீர் குடிக்கும், வெயிலில் அதை வெளியே விடும். சிமெண்ட் போட்டபிறகு குடித்தது, விடவில்லை. உள்ளுக்குள்ளே ஊறிக் கூழானது.

அவருடைய அடக்கப் பூசையை மாமரத்தடியில் வைத்தால் அது சுவரால் வந்தது என்று ஆகும். சுவர் யாரால் என்ற பேச்சும் கூடவே வரும். அது ஒன்று. இன்னொன்று, எங்கள் பங்கில் வெளியே வைத்து மந்திரிக்கப்படும் பிணம் என்றால் அது கோயிலில் கல்யாணம் செய்யாதவன் பிணம், நற்கருணை வாங்காதவன் பிணம். அப்படிப்பட்ட பெட்டிகள் வரும்போது வாசலில் நின்று கையை நீட்டித் தடுப்பதைச் சைப்ரியனே செய்துவந்தார். என் அப்பாவின் பெட்டியையும் அப்படித்தான் திருப்பினார். அவர் மகன் போனிஃபாஸ் எப்படி அவரை வெளியே வைக்க ஒத்துக்கொள்வான்?

செவரின் சாமியார் இளைஞர். முந்தின நாள் குடும்பத்தோடு வாதாடிப் பார்த்துவிட்டு, கடைசியில் சரி என்று தலையாட்டிவிட்டார்.

காலையில் எங்கள் வீட்டில் அண்ணிக்கும் அவள் மகள் எமெல்டாவுக்கும் இதே பேச்சு.

"இன்னைக்கு நீ பாடப் போகவேண்டாம்."

"அம்மா, பாட்டை எடுக்கறதே நான்தான். நான் போகலைன்னா யார் எடுப்பா? செத்தவரா?"

"வயித்து வலின்னு சொல்லு."

"மத்த பொண்ணுங்க அங்கே உட்காருவாங்க, எனக்கு மட்டும் வயித்து வலியா?"

அண்ணி திரும்பி என்னைப் பார்த்தாள். நான், "சாமிகிட்ட பேசிப் பாருங்களேன் அண்ணி. உங்க ஆளுதானே," என்றேன். அவளும் சாமியாரும் டகாபா இனத்து ஆட்கள். மேற்கே ஜிராப்பா பக்கம். நாங்கள் ஃபிராஃபிரா.

"பேசிட்டேன். குடும்பம் ஒத்துக்கலையாம். நல்ல பையன்தான். ரெண்டு வருஷம் உங்க ஊர்த் தண்ணியக் குடிச்சு அவனுக்கும் முதுகெலும்பு கரைஞ்சுபோச்சு."

அதோடு போய்விட்டாள். நானும் எமெல்டாவும் கோயிலுக்கு வந்து எங்கள் இடத்தில் உட்கார்ந்தோம். முன் வரிசை ஓரத்தில் அவள், பக்கத்தில் முரசோடு நான். எங்கள் முதுகுக்குப் பின்னால் அவள் அம்மாவின் மாடுகள். சுவர் ஈர நாய் போல நாறியது.

உள்ளே பாடகர் குழுவான நாங்களும் பீடத்தருகே ஊதா உடுப்பில் சாமியாரும் மட்டும். சனமெல்லாம் பெட்டிக்குப் பின்னால் வெளியே. கிழக்கே வானம் கறுத்திருந்தது. தகரக் கூரையில் முதல் துளிகள் கல் எறிவது போல விழுந்தன. பெட்டி வாசற்படிக்கு வந்தது. எமெல்டா பாட்டெடுக்க மூச்சை இழுத்தாள்.

அப்போது அண்ணி வாசலில் குறுக்கே படுத்துவிட்டாள்.

தூக்கி வந்தவர்கள் தடுமாறி நின்றார்கள். அவள் கூடவே சுகாதார நிலையத்து நர்ஸ், அவளும் டகாபாக்காரி. அண்ணி எழுந்து, இருவருமாகப் பெட்டியின் முன்கைப்பிடியைப் பிடித்து இழுத்து, அதைப் படிக்கட்டில் குறுக்காக இறக்கிவைத்து, மேலே ஏறி உட்கார்ந்துகொண்டார்கள். கூட்டம் ஒரு நொடி திகைத்தது. பிறகு யாரோ சிரித்தார்கள். பிறகு எல்லோரும்.

டகாபாவுக்கும் ஃபிராஃபிராவுக்கும் கேலி முறை. எங்களில் ஒருவர் செத்தால் அவர்கள் வந்து பிணத்தைப் பிடித்து வைத்துக்கொள்வார்கள். மீட்க ஏதாவது கொடுக்கவேண்டும். அவர்களில் ஒருவர் செத்தால் நாங்கள் போய் அதையே செய்வோம். கோபப்படக்கூடாது. பெரிய மனிதர்களின் பிணத்தைத்தான் கேலி முறைக்காரர்கள் மெனக்கெட்டுப் பிடிப்பார்கள். அது மரியாதை. நாங்கள் நாய்த்தலைக்கு அலைகிறவர்கள், தங்கள் அடிமைகள் என்பது அவர்களின் பழைய கேலி.

"இந்த நாய்த்தலை தின்னி எங்க அடிமை!" அண்ணி பெட்டியைத் தட்டினாள். "எங்களைக் கேக்காம எங்கே தூக்கிட்டுப் போறீங்க?"

போனிஃபாஸ் தொப்பியைக் கழற்றிவிட்டு முன்னால் வந்தான். முகத்தில் சிரிப்பை வரவழைத்துக்கொண்டிருந்தான். "பெர்பெதுவா, நீ எங்க ஊருக்கு வாழ வந்தவ. பாதி முறை அன்னைக்கே போச்சு."

"மீதிப் பாதி போதும்டா, உங்கப்பன் எடைக்கு."

கூட்டம் ஊளையிட்டது. போனிஃபாஸ் சட்டைப்பையிலிருந்து கொஞ்சம் சில்லறை எடுத்து நீட்டினான். அவள் தலையாட்டினாள். அவன் தங்கை ஒரு கினிக் கோழியைக் காலைக் கட்டிக் கொண்டுவந்தாள். அதற்கும் தலையாட்டினாள்.

"ஒரு கோழிக்கு விட்டா ஊர் என்ன சொல்லும்? சைப்ரியன் அயம்பிரே ஒரு கோழி பெறுவாரான்னு கேக்காது?"

"சரி, என்ன வேணும், சொல்லு. மழை வருது."

"பாடகர் குழு வேணும்."

"என்ன?"

"உள்ளே உட்கார்ந்திருக்கே, அந்தக் குழு. மொத்தமா வெளியே வரணும். மழையில நின்னு, எங்க முன்னாடி, இந்தப் பெட்டிக்கு முன்னாடி பாடணும். பாடினா விடறேன்."

இப்போது எல்லோருக்கும் புரிந்தது. சிரிப்பு நிற்கவில்லை, ஆனால் வேறு மாதிரி ஆனது. போனிஃபாஸின் முகத்திலிருந்து சிரிப்பு வடிந்தது. "அவங்க உள்ளேதான் பாடுவாங்க. எங்கப்பா பூசை உள்ளேதான்."

"அப்ப நான் இங்கேயே பிள்ளை பெத்துக்கறேன்."

என் முரசின்மேல் மண் இப்போது துகளாக விழவில்லை. பிடி அவலைக் கொட்டினது போலக் கொட்டியது. தோல் லேசாக அதிர்ந்தது. நான் திரும்பிப் பார்த்தேன். மலைப்பாம்பின் உடல் நடுவில் இரண்டாகப் பிளந்து, ஒரு துண்டு மற்றதைவிட முன்னால் தள்ளி நின்றது. முதல் மாட்டின் கொம்பு இல்லை.

"எமெல்டா, எழுந்திரு," என்றேன்.

"எங்கே போறது சித்தப்பா? வாசல்ல பெட்டி கிடக்கு."

உண்மைதான். செத்தவரைத் தாண்ட முடியாது. அண்ணி எங்களைக் காப்பாற்ற வாசலை அடைத்துவிட்டாள். நாங்கள் வாசலுக்கு இந்தப் பக்கம். வெளியே அவளும் அப்போதுதான் அதை உணர்ந்திருக்கவேண்டும். பெட்டிமேல் உட்கார்ந்தபடியே திரும்பி உள்ளே பார்த்தாள். வாய் இன்னும் கேலி பேசிக்கொண்டிருந்தது. கண் பேசவில்லை.

பின்னால் பூசை உடுப்பு அறை வழியாக வெளியே போக ஒரு கதவு உண்டு. சாவி சாமியாரிடம். நான் அவரைப் பார்த்தேன். அவர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். கையில் திறந்த பூசைப் புத்தகம்.

"சாமி," என்றேன். "சாவி."

அவர் அசையவில்லை. வெளியே போனிஃபாஸ், "சாமி! இவளை எழுந்திருக்கச் சொல்லுங்க! நேத்து வாக்குக் கொடுத்தீங்க!" என்று கத்தினான்.

சாமியார் புத்தகத்தை மூடிப் பீடத்தில் வைத்தார். பையிலிருந்து சாவியை எடுத்துக்கொண்டு பின்கதவுக்கு நடந்தார். கதவு திறந்தது. பெண்கள் ஒருவர் பின் ஒருவராகப் போனார்கள், பூசைக்குப் போவது போல ஒழுங்காக. ஓடினால் சுவருக்குக் கேட்டுவிடும் என்று எல்லோருக்கும் ஒரே நினைப்பு. எமெல்டா கடைசிக்கு முன்னால். நான் கடைசி. முரசைத் தூக்கக் குனிந்தேன். முதுகில் ஒரு கட்டி விழுந்தது. முரசை விட்டுவிட்டேன்.

வெளியே வந்தபோது மழை சரியாகப் பிடித்திருந்தது. கோயிலைச் சுற்றி வாசலுக்கு வந்தோம். எமெல்டாவைப் பார்த்ததும் அண்ணி ஒருமுறை கண்ணை மூடித் திறந்தாள். அவ்வளவுதான். "நனைஞ்ச கோழிங்களா, பாடுங்கடி," என்றாள்.

பாடினார்கள். மழையில் பாதிதான் கேட்டது. பாடி முடித்ததும் போனிஃபாஸ் பெட்டியின் கைப்பிடியைப் பிடித்தான்.

"கேட்டதக் கொடுத்தாச்சு. எழுந்திரு."

முறைப்படி அவள் எழவேண்டும். கேட்டது கிடைத்தபிறகும் எழாமல் இருப்பது கேலி இல்லை, அவமதிப்பு. மழையில் நனைந்த சனம் வேறு கோயிலுக்குள் ஒதுங்கக் கால் மாற்றிக்கொண்டிருந்தது. குழந்தைகள் அழுதன. அண்ணி மெல்ல எழுந்தாள். நர்ஸும் எழுந்தாள். நான்கு பேர் குனிந்து பெட்டியைப் பிடித்தார்கள்.

"நான் இன்னும் என் பங்கக் கேக்கலையே," என்றது ஒரு குரல்.

செவரின் சாமியார். ஊதா உடுப்பு நனைந்து காலில் ஒட்டியிருந்தது. கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து பெட்டிமேல் உட்கார்ந்தார்.

யாருக்கும் சிரிக்கத் தெரியவில்லை. சாமியார் பூசை உடுப்போடு பிணத்தைப் பிடித்து நாங்கள் பார்த்ததில்லை. அவர் கையை நீட்டி, விரலை உயர்த்தி, கழுத்தைக் கொஞ்சம் சாய்த்தார். சைப்ரியன் வாசலில் நிற்கிற அதே நிலை. குரலும் அதே கரகரப்பு.

"யார் பெட்டி இது? கோயில்ல கல்யாணம் ஆச்சா?"

பின்னாலிருந்து ஒரு கிழவர், "ஆச்சு!" என்றார்.

"நற்கருணை வாங்கினானா?"

"வாங்கினார்!" பத்துப் பதினைந்து குரல்.

"சந்தா கட்டினானா?"

"கட்டினார்!"

"அப்ப உள்ளே போகலாம்." விரலை ஆட்டினார். "ஆனா நான் எழுந்தாத்தானே!"

முதலில் சிரித்தது சைப்ரியனின் மனைவி அதம்போகா. கறுப்பு முக்காட்டை வாயில் அடைத்துக்கொண்டு, குலுங்கிக் குலுங்கி. "அவரேதான்," என்றாள். "அப்படியே அவரேதான்." அதற்குப் பிறகு கூட்டத்தைப் பிடிக்க முடியவில்லை. நானும் சிரித்தேன். அந்த விரலுக்கு முன்னால் என் அப்பாவின் பெட்டியோடு நின்றவன் நான்.

போனிஃபாஸ் சிரிக்கவில்லை. கைப்பிடியை விட்டான். கூட்டத்தை இடித்துக்கொண்டு கோயிலைச் சுற்றிப் போனான். கொஞ்ச நேரத்தில் வாசல் வழியாகப் பார்த்தோம்: பின்கதவால் உள்ளே போய், முன் பெஞ்சில், அவன் அப்பா உட்காரும் இடத்தில் உட்கார்ந்திருந்தான். இடப்பக்கம். கைகளைக் கட்டிக்கொண்டு.

"பூசை இங்கேதான்," என்று கத்தினான். "நீங்க வர்ற வரைக்கும் இருப்பேன்."

அதம்போகாவின் சிரிப்பு அறுந்தது. "போனி, வெளிய வாடா."

அவன் திரும்பவில்லை. அவனுக்கு மேலே விரிசலிலிருந்து மண் வழிந்துகொண்டிருந்தது, கிழிந்த சாக்கிலிருந்து வழிவது போல. உள்ளே போய் இழுத்துவர யாருக்கும் கால் வரவில்லை. எனக்கும் வரவில்லை. சாமியார் பெட்டியிலிருந்து எழப்போனார். அண்ணி அவர் தோளை அழுத்தி உட்காரவைத்தாள்.

பெட்டிக்கு இந்தப் பக்கம் நின்று உள்ளே குரல் கொடுத்தாள். "டேய் போனிஃபாஸ்! உங்கப்பன் குமாசியில நாய்த்தலையைத் திருடித் தின்னுட்டு ஆட்டுத்தலைன்னு சொன்ன கதை தெரியுமா?"

பதில் இல்லை.

"உன் மூஞ்சியே அதுக்குச் சாட்சிடா! குரைச்சுத்தான் காட்டேன்!"

கேலி முறைக்காரி திட்டினால் திருப்பித் திட்டவேண்டும். சும்மா இருப்பது முறையை அறுப்பது. அவன் அறுக்கத் துணிந்துவிட்டான். அண்ணியின் குரல் உடைய ஆரம்பித்தது. அவள் குனிந்து பெட்டியின் மூடியைப் பார்த்தாள். மெழுகு பூசிய பலகைமேல் தண்ணீர் குட்டையாகத் தேங்கி, பித்தளைச் சிலுவையைச் சுற்றி நின்றது.

"உங்கப்பன் நனையறான்டா," என்றாள். கத்தவில்லை. "பெட்டிக்குள்ள தண்ணி இறங்குது. பிள்ளை இருந்தும் மேல ஒரு துணி போட ஆள் இல்லாத பொணம்னு ஜிராப்பா வரைக்கும் பாடுவேன். என் பேரப்பிள்ளைங்களுக்கும் சொல்லிக்கொடுப்பேன்."

போனிஃபாஸ் திரும்பினான். நெடுநேரம் பெட்டியையே பார்த்தான். பிறகு எழுந்தான். வேகமாக வரவில்லை, வீம்போடு, ஒவ்வொரு அடியாக நடந்து வந்தான். வரும்போதே தலைவழியாகத் தன் கோடு போட்ட நெசவு அங்கியைக் கழற்றினான். வாசலில், அதன் மேலே எழும் கோபுரத்துக்கு அடியில், பெட்டியின் உட்பக்கம் நின்று, சாமியாரை ஒரு கையால் தள்ளிவிட்டு, அங்கியை விரித்து அப்பாவின் மேல் போர்த்தினான். ஓரங்களை இழுத்துச் சரிசெய்தான்.

"இப்பப் பாடு," என்றான் அண்ணியிடம்.

சுவர் போனது. பெரிய சத்தம் இல்லை. களைத்த மாடு படுக்கும்போது வருமே, அப்படி ஒரு முனகல். பிறகு தகரம் கிழியும் சத்தம்தான் காதை அடைத்தது. வாசல் வழியாகச் செந்தூசி அடித்து, மழையில் சேறாகி எங்கள் முகத்தில் அப்பியது. போனிஃபாஸ் பெட்டிமேல் குப்புற விழுந்து அதைக் கட்டிக்கொண்டு கிடந்தான். அவனுக்கு ஒன்றும் ஆகவில்லை. காதில் கொஞ்சம் இரத்தம்.

தூசி அடங்கியபோது இடப்பக்கம் வயல் தெரிந்தது. பெஞ்சுகள் இல்லை. கடைசி உணவு இல்லை. மண்மேட்டுக்கு வெளியே, நேர்கோடாக, இடுப்பளவில் ஒரு சாம்பல் நிறச் சிமெண்ட் தகடு மட்டும் நின்றது, எதையும் தாங்காமல்.

போனிஃபாஸ் எழுந்து அதைப் பார்த்தான். உதடு கோணியது.

"எங்கப்பா போட்டது நிக்குது," என்றான்.

அந்தச் சிமெண்ட்தான் சுவரைக் கொன்றது என்பது எத்தனையோ நாளாக எல்லோர் வாயிலும் அடக்கிவைத்திருந்த சொல். சாவுவீட்டில் அவனுக்குப் பதில் சொல்லும் உரிமை அண்ணிக்குத்தான் இருந்தது. எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். அவள் முகத்திலிருந்த சேற்றை வழித்து எறிந்தாள்.

"நிக்குதுடா," என்றாள். "அவரேதான். யாரையும் உள்ள விடாம நிக்கறாரு."

போனிஃபாஸ் சிரித்தான். விரும்பிச் சிரித்தானா என்று தெரியாது. முறைக்குச் சிரிக்கவேண்டியிருந்தது; ஆரம்பித்த பிறகு அது அழுகையாக மாறியது. அதம்போகா கினிக் கோழியை எடுத்து வந்து அண்ணியின் கையில் கொடுத்தாள். இந்த முறை அண்ணி வாங்கிக்கொண்டாள். பெட்டி மீட்கப்பட்டது.

சாமியார் மாமரத்தடியில் பூசை வைத்தார். முரசு மண்ணுக்கு அடியில் போய்விட்டதால் கைதட்டிப் பாடினோம். சைப்ரியனை வெளியே வைத்துத்தான் அனுப்பினோம், என் அப்பாவை அனுப்பியது போல. கேலி முறைக்காரர்கள் சாமியாரோடு சேர்ந்து பிடித்து வைத்த பிணம் என்று சுற்றுவட்டாரமே அதைப் பெருமையாகப் பேசியது. என் அப்பாவைப் பற்றி அப்படி யாரும் பேசவில்லை.

குழி மூடிவிட்டுத் திரும்பும்போது அண்ணி மண்மேட்டின் ஓரம் நின்றாள். கக்கத்தில் கோழி.

"என் மாடுங்க நல்லா இருந்துச்சு இல்ல?"

"கொம்பு கோணல் அண்ணி."

"உன் மூஞ்சி கோணல்," என்றாள். "கோழித்தலை உனக்குத்தான். நாய்த்தலை கிடைக்கலை, இதை வச்சுக்கோ."

எமெல்டா முன்னால் போய்க்கொண்டிருந்தாள். அண்ணி அவளை எட்டிப்பிடித்து, ஒன்றும் சொல்லாமல், அவள் தலையில் ஒட்டியிருந்த சிவப்பு மண்ணை நகத்தால் சுரண்டி எடுத்துக்கொண்டே நடந்தாள்.